சரகேட் நீதிமன்றத்தில் கோர்ட் அட்டர்னி வேலை: கணக்குப் பிரிவுக்குப் போகலாமா?

இரவு ரயில்:

வணக்கம். நியூயார்க்கில் ஒரு சின்ன சட்ட அலுவலகத்தில் ஆறு வருடமாக உயில், எஸ்டேட் (இறந்தவர் விட்டுப்போன சொத்து) வழக்குகள் பார்க்கிறேன். புரோபேட் மனு (உயில் செல்லும் என்று நீதிமன்றம் உறுதிசெய்யக் கேட்பது) தயாரிப்பது, வாரிசுகளிடம் சம்மதக் கையெழுத்து வாங்குவது, கையெழுத்துப் போடாதவர்களுக்குச் சைட்டேஷன் (நீதிமன்ற அழைப்பாணை) அனுப்புவது என்று பெரும்பாலும் வழக்கின் ஆரம்பக் கட்டத்திலேயே என் வேலை முடிந்துவிடும்.

போன மாதம் நகரத்துக் கவுண்டி ஒன்றின் சரகேட் நீதிமன்றத்தில் (இறந்தவர்களின் உயில், சொத்து வழக்குகளைப் பார்க்கும் நீதிமன்றம்) கோர்ட் அட்டர்னி, அதாவது நீதிபதிக்கு உதவும் வழக்கறிஞர், வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். வேலை கிடைத்துவிட்டது. ஆனால் என்னைப் போட்டிருப்பது கணக்குப் பிரிவில். எக்ஸிகியூட்டர்களும் (உயிலை நிறைவேற்றுபவர்கள்) டிரஸ்டிகளும் (பிறருக்காகச் சொத்தை நிர்வகிப்பவர்கள்) தாக்கல் செய்கிற கணக்கைப் படித்து, ஆட்சேபனை வந்தால் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, நீதிபதிக்குக் குறிப்பு எழுத வேண்டுமாம்.

எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, எண்கள் எனக்கு என்றைக்குமே சுலபமாக வந்ததில்லை. என் அலுவலகத்தில் கணக்கைத் தயாரிப்பவர் வேறு ஒருவர், நான் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்ப்பேன். இரண்டாவது, இத்தனை வருடம் ஒருவர் பக்கம் நின்று பேசிப் பழகிவிட்டது. யார் பக்கமும் இல்லாமல் நடுவில் உட்கார்ந்தால் வழக்கறிஞராக இருக்கும் உணர்வே போய்விடுமோ என்று இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

பச்சைப் பென்சில்:

நான் பதினொரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எந்தக் கவுண்டி என்று சொல்ல மாட்டேன். கீழே சொல்லும் வழக்கிலும் தொகைகளையும் ஆட்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.

எண்களைப் பற்றி முதலில். இதற்குக் கணக்காளர் படிப்பு தேவையில்லை. கூட்டல், கழித்தல், பொறுமை, இந்த மூன்றும் போதும். எக்ஸிகியூட்டர் தாக்கல் செய்யும் கணக்கு ஷெட்யூல்களாகப் பிரிந்திருக்கும். 'ஏ' என்பது அவர் கைக்கு வந்த சொத்து. 'ஏ-1' விற்றதில் வந்த லாபம். 'ஏ-2' வட்டி, டிவிடெண்ட் மாதிரி வருமானம். இந்த மூன்றும் வரவு. 'பி' விற்றதில் வந்த நஷ்டம், 'சி' இறுதிச் சடங்கும் நிர்வாகச் செலவும், 'டி' இறந்தவர் விட்டுப்போன கடன்கள், 'ஈ' ஏற்கனவே பிரித்துக் கொடுத்தது. வரவிலிருந்து இந்த நான்கையும் கழித்தால் வருவது 'ஜி', அதாவது கையிருப்பு. அது வங்கியில் உண்மையாகவே இருக்கும் பணத்தோடு பொருந்த வேண்டும். நம் வீடுகளில் நோட்டுப் புத்தகத்தில் வரவு, செலவு, மீதி என்று எழுதுவார்களே, அதேதான். பக்கங்கள்தான் அதிகம்.

ஆனால் கூட்டல் சரியாக இருப்பதாலேயே கணக்கு சரி என்று ஆகிவிடாது. ஒரு உதாரணம். ஒருவர் இறந்துவிட்டார். 6.5 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டை உயிலில் மகனுக்கு எழுதியிருக்கிறார். வங்கியில் 2.5 லட்சம் இருக்கிறது. எக்ஸிகியூட்டர் இரண்டையும் 'ஏ'யில் சேர்த்து, 9 லட்சத்துக்குக் கமிஷன், அதாவது தன் வேலைக்கான ஊதியம், கேட்கிறார். சட்டம் சொல்லும் விகிதம் முதல் 1 லட்சத்துக்கு 5 சதவீதம், அடுத்த 2 லட்சத்துக்கு 4, அதற்கும் அடுத்த 7 லட்சத்துக்கு 3. ஆக அவர் கேட்பது 31,000 டாலர். கூட்டிப் பார்த்தால் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த வீட்டை எக்ஸிகியூட்டர் விற்கவே இல்லை. அது நேராக மகனுக்குப் போய்விட்டது, அதற்குக் கமிஷன் கிடையாது. 2.5 லட்சத்துக்கு மட்டும் கணக்கிட்டால் 11,000 டாலர்தான் வரும். மீதி 20,000 டாலர் மற்ற பயனாளிகளின் பணம். இதைக் கண்டுபிடிக்கக் கணிதம் வேண்டாம். 'இந்தச் சொத்து இவர் கை வழியாகப் போனதா?' என்று கேட்கத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று அடிக்கடி வரும். அம்மா இருந்த வீட்டிலேயே எக்ஸிகியூட்டரான பிள்ளை வாடகை இல்லாமல் தொடர்ந்து இருப்பார். வீட்டு வரி, ஹீட்டிங், தண்ணீர், எல்லாம் எஸ்டேட் கணக்கிலிருந்து 'சி'யில் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொரு ரசீதும் உண்மையானது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அந்த வீட்டில் சூடு அனுபவித்தவர் யார்? நீதிமன்ற அனுமதி இல்லாமல் கமிஷனை முன்கூட்டியே எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. வேண்டுமென்றே செய்பவர்கள் குறைவு. தன் உழைப்புக்குத் தானே காசோலை எழுதிக்கொள்ளலாம் என்று நிஜமாகவே நம்பியிருப்பார்கள். நம்பினாலும் இல்லாவிட்டாலும், ஆட்சேபனை வந்தால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டி வரலாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு முக்கியமானது அதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கணக்கு வந்தது. தாயார் இறந்துவிட்டார், பிள்ளைகள் நான்கு பேர். மகள்தான் எக்ஸிகியூட்டர். இரண்டு அண்ணன்கள் ஆட்சேபனை போட்டிருந்தார்கள். மூன்றாவது அண்ணன் எங்கே இருக்கிறார் என்றே பல வருடமாக யாருக்கும் தெரியாது. தேடிப் பார்த்தும் கிடைக்காததால் அவருக்குச் சைட்டேஷனைப் பத்திரிகையில் வெளியிட்டு, அவர் சார்பில் ஒரு கார்டியன் அட் லைட்டமையும் (வழக்கில் அவருடைய நலனைப் பார்த்துக்கொள்பவர்) நீதிமன்றம் நியமித்திருந்தது.

வரவு 2,12,480 டாலர். 'பி'யிலிருந்து 'ஈ' வரை மொத்தம் 61,150. மீதி 1,51,330 இருக்க வேண்டும். வங்கியில் இருந்தது 1,47,130. இடையில் 4,200 டாலரைக் காணோம். கணக்கு தப்பு என்று ஆட்சேபிப்பவர்தான் முதலில் காட்ட வேண்டும். காட்டிவிட்டால், சரி என்று நிரூபிப்பது எக்ஸிகியூட்டரின் பொறுப்பு. அண்ணன்கள் காட்டிவிட்டார்கள். கான்ஃபரன்ஸில் மூத்தவர் தங்கையின் முகத்தைக்கூடப் பார்க்காமல், "அவள் எடுத்துக்கொண்டாள்" என்று என்னிடம் சொன்னார்.

அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவருடைய வழக்கறிஞருக்கும் தெரியவில்லை. அடுத்த தேதிக்கு வங்கி அறிக்கைகளையும் காசோலை நகல்களையும் கொண்டுவரச் சொன்னேன். ஒரு காகிதப் பையில் கொண்டுவந்தார். எல்லோருடைய முன்னிலையிலும் மேசையில் ஒவ்வொன்றாக வைத்து, கணக்கில் ஏறிய காசோலைக்கெல்லாம் பச்சைப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே போனோம். டிக் விழாமல் ஒரே ஒரு காசோலை நின்றது. 4,200 டாலர், தாயாரைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண்ணின் பெயருக்கு. கீழே குறிப்பு எழுதும் கோட்டில் மகள் சின்னக் கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'கடைசி மூன்று வாரம், இரவு.' 21 இரவுகள், இரவுக்கு 200 டாலர். தாயார் போன பிறகு கொடுத்திருக்கிறார். அது 'சி'யா 'டி'யா என்று முடிவு செய்யாமல், கணக்கைத் தயாரித்தவர் எதிலுமே போடாமல் விட்டிருக்கிறார். அது 'டி', தாயாரின் கடன்.

மூத்தவர் அந்த நகலைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்சேபனையைத் திரும்பப் பெறுவதாக அவருடைய வழக்கறிஞர் அடுத்த வாரமே எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் அன்று யார் பக்கமும் இல்லை. மகளுக்காகத் தேடவில்லை, அண்ணன்களுக்காகவும் இல்லை. அந்தக் காசோலை மகளின் பெயருக்கே எழுதப்பட்டிருந்தால் அதையும் அப்படியேதான் மேசையில் வைத்திருப்பேன். ஆனால் அந்த அறைக்கு வராத ஒருவர் இருந்தாரே, காணாமல் போன அண்ணன், அவருடைய பங்கும் அந்தக் கூட்டலுக்குள்தான் இருந்தது. வந்தவர்கள் தங்களுக்குள் சமாதானமாகப் போய்விட்டாலும், அவருடைய கால் பங்கு ஒரு டாலர்கூடக் குறையாமல் இருக்கிறதா என்று நானும் அந்தக் கார்டியனும் பார்த்தாக வேண்டும். மைனர் குழந்தைகள், நினைவு தப்பிய முதியவர்கள், அறக்கட்டளைகள், எல்லோரும் இப்படித்தான். அறக்கட்டளைகளின் சார்பில் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் வரும். மற்றவர்களுக்கு நாம் கவனமாகப் படிக்கிற அளவுக்குத்தான் பாதுகாப்பு. வழக்கறிஞர் என்ற உணர்வு போய்விடுமா என்று கேட்டீர்கள். எனக்கு அது இங்கே வந்த பிறகுதான் முழுசாக வந்தது.

---

தனி அலுவலகம்:

வாழ்த்துகள். நான் வெளியே இருப்பவன், க்யூன்ஸ் பக்கம் தனியாகப் பிராக்டிஸ் செய்கிறேன். எங்களுக்கு உங்களிடமிருந்து என்ன வேண்டும் என்று சொல்கிறேன்.

கான்ஃபரன்ஸுக்கு முன்னால் கோப்பைப் படித்துவிட்டு வாருங்கள். இது ஒன்றே பாதி வழக்கை முடித்துவிடும். "இந்தக் கட்டணப் பட்டியலில் 14 மணி நேரம் வங்கிக்குப் போனதற்கும் வீட்டைக் காலி செய்ததற்கும் போட்டிருக்கிறீர்களே, அது எக்ஸிகியூட்டர் வேலை அல்லவா?" என்று ஒரு கோர்ட் அட்டர்னி என்னிடம் ஒருமுறை மரியாதையாகக் கேட்டார். அவர் சொன்னது சரி. எக்ஸிகியூட்டர் செய்ய வேண்டியதை வழக்கறிஞர் செய்துவிட்டு வழக்கறிஞர் விகிதத்தில் பணம் கேட்க முடியாது. கட்டணத்தை எடைபோட 1925ஆம் ஆண்டின் பாட்ஸ் வழக்கும் 1974ஆம் ஆண்டின் ஃப்ரீமேன் வழக்கும் சொல்லும் அளவுகோல்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் பட்டியலை வரி வரியாகப் படித்துவிட்டு அதைச் சொல்பவரிடம்தான் எனக்கு நம்பிக்கை வரும். அன்றே என் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டேன்.

அப்புறம், உங்கள் புரோபேட் அனுபவம் வீணாகாது. உயிலின் மூலையில் ஸ்டேப்பிள் எடுத்த ஓட்டை இருக்கிறதா, ஏன் எடுத்தார்கள் என்று பிரமாண வாக்குமூலம் இருக்கிறதா, சாட்சிகள் இருவரும் 30 நாளுக்குள் கையெழுத்திட்டார்களா, சாட்சிக்கே ஏதாவது எழுதிவைத்திருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண்தானே உங்களுக்கு. கணக்குக்கும் அதே கண் போதும்.

---

பழைய பாராலீகல்:

இருபது வருடம் எஸ்டேட் கணக்குகளைத் தயாரித்தவள் நான். ஒரே ஒரு யோசனை சொல்கிறேன்: கணக்கைக் கடைசியிலிருந்து படியுங்கள். முதலில் 'ஜே', ரொக்கம் பொருந்துகிறதா என்று காட்டும் இடம் அதுதான். பிறகு 'எச்', யாருக்கெல்லாம் பங்கு, எவ்வளவு என்று இருக்கும். அதற்கப்புறம் 'ஏ'க்குப் போனால், ஒவ்வொரு எண்ணும் யாருடைய பணம் என்று தெரிந்தே படிப்பீர்கள்.

கணக்கில் முழு எண்கள் வரிசையாக வந்தால் நின்று பாருங்கள். பிளம்பருக்கு 500, சுத்தம் செய்ததற்கு 1,000, பயணத்துக்கு 2,000. உண்மையான செலவு 487.36 என்றுதான் வரும். முழு எண் என்றால் ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் அர்த்தம். ரசீதைக் கேளுங்கள்.

---

இரவு ரயில்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பச்சைப் பென்சில், அந்த 21 இரவுகள் என் மனதை விட்டுப் போகவில்லை. இன்னும் இரண்டு கேள்வி. சேர்வதற்கு முன் எதைப் படிக்கட்டும்? என் பழைய அலுவலகத்தின் வழக்குகள் அதே நீதிமன்றத்தில் நடக்கின்றன, அதற்கு என்ன செய்வது?

---

பச்சைப் பென்சில்:

இரண்டு தீர்ப்புகளை முழுசாகப் படியுங்கள். சுருக்கம் வேண்டாம்.

ஒன்று ராத்கோ வழக்கு. ஓவியர் மார்க் ராத்கோ 1970இல் இறந்தார். அவருடைய மூன்று எக்ஸிகியூட்டர்கள் சில மாதத்திலேயே 798 ஓவியங்களை ஒரு கேலரிக்கு ஒப்பந்தம் செய்து கொடுத்துவிட்டார்கள். ஒருவர் அந்தக் கேலரியிலேயே பதவியில் இருந்தார். இன்னொருவர் ஓவியர், அதே கேலரியின் தயவு அவருக்குத் தேவைப்பட்டது. மன்ஹாட்டன் சரகேட் நீதிபதி 1975இல் மூவரையும் நீக்கினார், 1977இல் அப்பீல் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கேலரியும் சேர்ந்து பொறுப்பேற்ற தொகை 90 லட்சம் டாலருக்கு மேல். மூன்றாவது ஆளைப் பற்றிய பகுதியை இரண்டு தடவை படியுங்கள். அவர் தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற இருவரின் நிலை தெரிந்தும், தடுக்க வேண்டியதைத் தடுக்கவில்லை. அதற்கே அவரும் பொறுப்பானார்.

இன்னொன்று 1997இல் வந்த ஜேன்ஸ் தீர்ப்பு. 1973இல் ஒருவர் இறந்தபோது அவருடைய பங்கு முதலீட்டில் சுமார் 71 சதவீதம் ஒரே நிறுவனத்தின் பங்குகள், கோடாக். பங்கு ஒன்று சுமார் 135 டாலர். எக்ஸிகியூட்டராக இருந்த வங்கி அவற்றை விற்காமல் வைத்திருந்தது. 1978 மார்ச்சில் விலை சுமார் 40 டாலர். கடைசியில் வங்கி 40 லட்சம் டாலருக்கு மேல் ஈடு கட்ட வேண்டி வந்தது. எக்ஸிகியூட்டர் திருடவில்லை, பொய்க் கணக்கு எழுதவில்லை. அங்கே ஷெட்யூல்கள் எல்லாம் பொருந்தியிருந்தாலும் பிரச்சினை அப்படியேதான் இருந்திருக்கும். ஒரு பெண்மணி கணவர் விட்டுப்போன சொத்தின் வருமானத்தை நம்பி இருந்தபோது, ஐந்து வருடம் யாரும் அதை உட்கார்ந்து யோசிக்கவில்லை. கணக்கில் எழுதப்படாத தவறு அது. அதைத் தேடவும் பழக வேண்டும்.

வாரிசு யாரென்றே தெரியாத வழக்குகளும் உங்களிடம் வரும். பப்ளிக் அட்மினிஸ்ட்ரேட்டர் (நிர்வகிக்க ஆள் இல்லாத எஸ்டேட்டைப் பார்க்கும் அதிகாரி) கணக்கு தாக்கல் செய்வார், எங்கிருந்தோ ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று சிலர் வருவார்கள், பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களை வைத்துக் குடும்ப மரம் வரைவார்கள். அவர்கள் உறவினர் என்று நிரூபித்தால் மட்டும் போதாது, அவர்களைவிட நெருங்கியவர் வேறு யாரும் இல்லை என்றும் நிரூபிக்க வேண்டும். அது போகப் போகப் பழகிவிடும், இப்போது கவலைப்பட வேண்டாம்.

பழைய வழக்குகள் விஷயம்: நீங்கள் கை வைத்த கோப்புகள் எல்லாவற்றையும், மனுவில் பெயர் இல்லாமல் ஆராய்ச்சி மட்டும் செய்து கொடுத்ததையும் சேர்த்து, பட்டியல் போட்டு முதல் நாளே உங்கள் மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அவற்றை நீங்கள் தொடக்கூடாது, பக்கத்து மேசைக்காரரிடம் பேசவும் கூடாது. முழுநேரமாகச் சேர்ந்த பின் வெளியே தனியாகப் பிராக்டிஸ் செய்ய முடியாது என்பதால் கையிலிருக்கும் கட்சிக்காரர்களையும் முறையாக வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.

ஒரு தரப்பு வழக்கறிஞர் மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டு, "சும்மா ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார். நல்லவராகவே இருப்பார், உங்களுக்குத் தெரிந்தவராகவும் இருப்பார். தேதி பற்றிய கேள்வி என்றால் பதில் சொல்லுங்கள். வழக்கைப் பற்றியது என்றால், "இன்னொரு தரப்பையும் இணைப்பில் சேர்த்துக்கொண்டு கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வையுங்கள். முதல் சில தடவை சங்கடமாக இருக்கும். பிறகு அவர்களே அப்படிச் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

---

இரவு ரயில்:

பட்டியல் போட உட்கார்ந்தேன். 43 கோப்புகள் வந்திருக்கின்றன. அதில் மூன்று, நான் மறந்தே போனவை. நாளைக்கு அலுவலகத்தில் பழைய டைரிகளை எடுத்து இன்னொரு முறை சரிபார்க்கிறேன். அடுத்த திங்கட்கிழமை சேர்கிறேன்.